ஒப்புக்கொண்டவர் யார், எதற்கு ஒப்புக்கொண்டார்? மின்னஞ்சல் பட்டியலில் சந்தாதாரரின் சம்மதத்தை உறுதிசெய்தல்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவிக்கை செய்தது. சம்மதம் பெறுவது தொடர்பான முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. வாடிக்கையாளருக்கு வணிக மின்னஞ்சல் அனுப்பும் யாரும் இதற்கு வெளியே நிற்க முடியாது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதிகளாக நடத்துவோர், ஆத்தங்குடிக் கல்லை வெளியூர்களுக்கு அனுப்புவோர், கண்டாங்கிச் சேலை விற்போர், சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பலகாரம் அனுப்புவோர் என்று செட்டிநாட்டின் இன்றைய தொழில்களில் பல, தூரத்தில் இருக்கும் வாடிக்கையாளரை மின்னஞ்சல் வழியாகவே எட்டுகின்றன. வாடிக்கையாளர் தம் கையாலேயே முகவரியை எழுதிக் கொடுத்த பிறகு, "உங்கள் சம்மதத்தை உறுதிப்படுத்துங்கள்" என்று இன்னொரு மின்னஞ்சல் எதற்கு என்பதுதான் இவர்களில் பலருக்கு எழும் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு அடிப்படையிலிருந்து விடை தேடுவோம்.

முகவரி இருப்பது வேறு, சம்மதம் இருப்பது வேறு

ஒருவரின் மின்னஞ்சல் முகவரி ஒரு நிறுவனத்தை வந்தடையும் வழிகள் பல. அறை முன்பதிவு செய்யும்போது கொடுக்கிறார். தரைக் கல்லுக்கு விலைப்பட்டியல் கேட்டு எழுதுகிறார். அனுப்பிய பெட்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தருகிறார். விடுதியின் வருகைப் பதிவேட்டில் நாலு வரி பாராட்டி எழுதி, கீழே முகவரியையும் குறித்துவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் முகவரி ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகவே கொடுக்கப்படுகிறது. அந்தக் காரியத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை. அதே முகவரிக்குத் தீபாவளிச் சலுகையையும் புதிய சேலை வரவையும் மாதந்தோறும் அனுப்புவது வேறு காரியம். அதற்குத் தனியே கேட்டாக வேண்டும்.

சட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மருந்துக் கடையில் பொருள் வாங்கும் ஒருவர், பணம் செலுத்தியதற்கான ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி எண்ணைத் தருகிறார். அந்த ரசீதை அனுப்புவதற்கு மட்டும் கடைக்காரர் அந்த எண்ணைப் பயன்படுத்தலாம். காரைக்குடியில் சேலைக் கடையில் பில்லை மின்னஞ்சலில் கேட்கும் வாடிக்கையாளருக்கும் இதே கணக்குத்தான். விடுதிகளில் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் அவரைப் பற்றிய விவரங்களை 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயத்தின் பேரில் பெறப்படும் விவரங்களை, விருந்தினர் விரும்பிக் கொடுத்ததாகக் கருதி விளம்பரப் பட்டியலில் சேர்ப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

மூன்று முறைகள்

மின்னஞ்சல் சந்தையிடலில் சம்மதம் பெறும் முறைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்.

1. விலகல் முறை. கேட்காமலே அனுப்பத் தொடங்கி, வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள வழி வைப்பது.

2. ஒற்றைச் சம்மத முறை. படிவத்தில் முகவரியை நிரப்பி, 'எனக்கு அனுப்புங்கள்' என்ற கட்டத்தில் குறியிட்டவுடனே பட்டியலில் சேர்ப்பது.

3. உறுதிசெய்த சம்மத முறை. படிவம் நிரப்பப்பட்டதும் அந்த முகவரிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பின் வழியாக உரியவர் உறுதிசெய்த பிறகே பட்டியலில் சேர்ப்பது. 'டபுள் ஆப்ட்-இன்' என்று தொழிலில் வழங்குவது இதுவே.

இரண்டாவது முறைக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாட்டை வெறும் ஒரு படி கூடுதல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சான்றின் தன்மையையே மாற்றுகிறது. படிவத்தில் ஒரு முகவரி நிரப்பப்பட்டிருந்தால், யாரோ ஒருவர் அதைத் தட்டச்சு செய்தார் என்பது மட்டுமே தெரியும். அவர் அந்த முகவரிக்கு உரியவரா என்பது தெரியாது.

தவறான முகவரி எளிதாக வந்துவிடும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேரூன்றிய இந்தப் பகுதியில், ஒரே ஊரில் பல மெய்யப்பன்களும் பல வள்ளியம்மைகளும் இருப்பார்கள். அவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஓர் இனிஷியலாலோ கடைசி இரண்டு எண்களாலோ மட்டும் வேறுபடும். ஓர் எண் மாறினால், சென்னையில் இருக்கும் ஒரு மெய்யப்பனுக்குப் போக வேண்டிய மடல் பினாங்கில் இருக்கும் முன்பின் தெரியாத இன்னொரு மெய்யப்பனுக்குப் போகும். பெற்றோருக்காகப் பிள்ளை பதிவு செய்வதும், பயணிக்காகப் பயண முகவர் தம் சொந்த முகவரியைக் கொடுப்பதும் அன்றாடம் நடப்பவை.

வேண்டுமென்றே செய்யப்படும் தீங்கும் உண்டு. 2016 ஆகஸ்டில், அடையாளம் தெரியாதவர்கள் தானியங்கி நிரல்களைக் கொண்டு, அரசு அலுவலர்கள் உள்ளிட்ட சிலரின் முகவரிகளை ஆயிரக்கணக்கான பட்டியல்களில் பதிவு செய்தார்கள். வந்து குவிந்த மடல்களில் அந்த அஞ்சல்பெட்டிகள் பயன்படாமல் போயின. உறுதிசெய்யாமல் சேர்த்துக்கொண்ட பட்டியல்கள் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்தன. உறுதிசெய்யக் கேட்ட பட்டியல்கள் ஒரு மடலோடு நின்றன. அந்த ஒரு மடலும் ஆயிரம் இடங்களிலிருந்து வந்தால் தொல்லைதான் என்பதால், மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கேப்ட்சாவும் படிவத்தில் இருக்க வேண்டும் என்ற பாடமும் அப்போது கிடைத்தது.

உறுதிசெய்தல் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்காது

மென்பொருளில் 'டபுள் ஆப்ட்-இன்' என்ற பொத்தானை இயக்கிவிட்டால் சட்டக் கடமை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த இடத்தில்தான் மிகுந்த தெளிவு வேண்டும் என்று கருதுகிறேன்.

இணைப்பை அழுத்தி உறுதிசெய்வது, அந்த அஞ்சல்பெட்டியைத் திறக்க முடிந்த ஒருவர் அழுத்தினார் என்பதைக் காட்டுகிறது. எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதை அது தானாகக் காட்டாது. அழுத்தியவர் அன்று படிவத்தில் என்ன வாசகத்தைப் படித்தார், வாரம் ஒரு மடல் என்று சொல்லப்பட்டதா, கூட்டு நிறுவனங்களுக்கும் முகவரி தரப்படும் என்று சொல்லப்பட்டதா என்பவற்றையெல்லாம் தனியே பதிந்து வைத்திருந்தால்தான் சான்று முழுமை பெறும். நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரும் பேசி முடித்ததை இசைகுடிமானமாக எழுதி ஒப்பமிட்டு வைப்பதற்கும் காரணம் இதுவே: ஒப்புக்கொண்டார்கள் என்ற செய்தியோடு, யார், என்று, எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதும் ஏட்டில் இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2011 பிப்ரவரி 10 அன்று அளித்த தீர்ப்பு இந்த எல்லையைத் துல்லியமாக வரைந்தது. இணையப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் நிரப்பப்பட்டு, மின்னஞ்சல் வழியாக உறுதிசெய்யப்பட்டதாகச் சொல்லி, விளம்பரத்துக்காகத் தொலைபேசியில் அழைத்திருந்தார்கள். மின்னஞ்சலை உறுதிசெய்தது அந்தத் தொலைபேசி எண்ணும் அவருடையதே என்பதற்குச் சான்றாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. மின்னஞ்சலுக்குக் கிடைத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு அதே படிவத்தில் கிடைத்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புவோர் இந்த வாதத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன

இந்தியச் சட்டத்தில் இந்தப் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய கூறுகள் இவை.

1. சம்மதம் கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமின்றி, தெளிவான ஒரு செயலால் தெரிவிக்கப்பட வேண்டும். முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டத்தை வாடிக்கையாளர் மாற்றாமல் விடுவது ஒரு செயலே ஆகாது.

2. சம்மதம் கேட்கும்போது தரப்படும் அறிவிப்பை, ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலோ படிக்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும். தமிழில் கேட்கும் உரிமை தமிழருக்கு இதனால் சட்டப்படி உறுதியாகிறது. வீட்டுப் பெரியவர்களையும் வாடிக்கையாளராகக் கொண்ட பலகாரக் கடைகள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

3. சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்ததற்கு ஒப்பான அளவில் எளிதாக இருக்க வேண்டும். ஒரு சொடுக்கில் சேர்த்துக்கொண்டு, விலகுவதற்குக் கடிதம் எழுதச் சொல்வது செல்லாது.

4. வழக்கு எழுந்தால், அறிவிப்புக் கொடுத்ததையும் சம்மதம் பெற்றதையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு அனுப்புநருடையது.

5. 18 வயது நிறையாதவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும்.

இவற்றில் நான்காவது கூறே உறுதிசெய்யும் முறைக்கு உயிர். சட்டத்தில் எந்த இடத்திலும் 'இரண்டு முறை கேள்' என்று எழுதப்படவில்லை. 'உன்னால் மெய்ப்பிக்க முடிய வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. "என் முகவரியை நான் தரவே இல்லை" என்று ஒருவர் இச்சட்டத்தின் கீழ் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் சொன்னால், ஒற்றைச் சம்மத முறையில் நடப்பவரிடம் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. இத்தகைய மீறல்களுக்கு ரூ.50 கோடி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மீறலின் தன்மை, அளவு ஆகியவற்றைப் பார்த்தே வாரியம் தொகையைத் தீர்மானிக்கும்.

குறுஞ்செய்திக்கு நிறுவனத்தின் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்பதிவு செய்யும் டி.எல்.டி. நடைமுறையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை. அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் மட்டும் உரியது. அங்கே பதிவு செய்திருப்பது மின்னஞ்சலுக்கு எந்த உரிமையும் தராது.

கடல் கடந்த வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு அந்தந்த நாட்டு விதிகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. அங்குள்ளவர்களைக் குறிவைத்துப் பொருளோ சேவையோ விற்றால் இங்கிருந்து அனுப்புவோரையும் அது கட்டுப்படுத்தும். யூரோவில் அறை வாடகை காட்டும் விடுதி அந்த வட்டத்துக்குள் வர வாய்ப்பு அதிகம். முன்குறியிட்ட கட்டம் சம்மதமாகாது என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று 'பிளானட்49' வழக்கில் தெளிவாக்கியது. சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டு ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் விலகல் முறையை ஏற்கிறது. ஆயினும் 24 மணி நேரத்தில் 100 மடல்களைத் தாண்டினாலே அது மொத்த அனுப்புதலாகக் கணக்கிடப்பட்டு, விலகும் வசதியும் தலைப்பில் விளம்பரக் குறியீடும் கட்டாயமாகின்றன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், நேரடி விளம்பரத்துக்குத் தம் தரவைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அமெரிக்காவில் 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கேன்-ஸ்பேம் சட்டமும் விலகல் முறையைச் சார்ந்ததே. நாட்டுக்கொரு பட்டியல் வைத்து ஆள்வதைவிட, எல்லாருக்கும் உறுதிசெய்த சம்மதத்தையே பின்பற்றுவது சிறு நிறுவனத்துக்கு எளிது.

சட்டத்துக்கு முன்பே நிற்கும் காவல்

சட்டம் 2027இல்தானே முழுமையாக வருகிறது என்று காத்திருப்போரை, ஜிமெயில் அதற்கு முன்பே நிறுத்திவிடும். கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்தும் விதிகளின்படி, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் ஆகிய மூன்றையும் அமைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது, 0.1 விழுக்காட்டுக்குள் இருப்பதே நல்லது என்ற வரம்பு சிறிய அனுப்புநருக்கும் பொருந்தும்.

இந்த விழுக்காட்டைத் தலைக்கணக்காக மாற்றிப் பார்த்தால் நிலைமை விளங்கும். 1,000 மடல்களில் 0.3 விழுக்காடு என்பது 3 பேர். பட்டியலில் தவறாகச் சேர்ந்துவிட்ட 3 பேர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினால் போதும். உண்மையாகவே கேட்டுச் சேர்ந்த மற்றவர்களுக்குப் போகும் மடலும், அறை உறுதியானதைத் தெரிவிக்கும் மடலும்கூட, அதே டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) போவதால் ஸ்பேம் கோப்புறையில் விழத் தொடங்கும். பெரிய நிறுவனம் டொமைனை மாற்றி ஓட்டிவிடலாம். சுற்றுலாப் பருவத்தில் முன்பதிவை நம்பியிருக்கும் ஒரு சிறு விடுதி அதைத் தாங்காது.

உறுதிசெய்யச் சொன்னால் பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள், பட்டியல் சுருங்கிவிடும் என்ற மறுப்பு நியாயமானதே. மொத்த மின்னஞ்சல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப் நிறுவனம் 2017 அக்டோபரில் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் ஒற்றைச் சம்மதத்தை இயல்பு அமைப்பாக்கியது. ஐரோப்பிய ஒன்றிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பழைய முறையைத் தொடர்ந்தது. ஆனால் ஓர் இணைப்பை அழுத்தக்கூட மனம் வராதவர் அடுத்த மாதம் சேலை வாங்க வருவார் என்று எதிர்பார்ப்பதற்கு வலுவான காரணம் இல்லை. மடல் ஸ்பேமில் விழுந்ததால் தவறவிட்டவர்களே உண்மையான இழப்பு. அவர்களுக்காக, படிவம் நிரப்பியதும் தோன்றும் பக்கத்தில், "உங்களுக்கு ஒரு மடல் வந்திருக்கும், காணவில்லையானால் ஸ்பேம் பகுதியிலும் பாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி எழுதினால் பெருமளவு சரியாகும்.

அமைக்கும் முறை

1. படிவத்தில் என்ன அனுப்பப்படும், எவ்வளவு அடிக்கடி, யார் அனுப்புகிறார் என்பவை குறியிடும் கட்டத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஆர்டர் செய்வதற்கு அது நிபந்தனையாகக் கூடாது.

2. முகவரி வந்ததும், யாரும் ஊகிக்க முடியாத ஒரு தற்போக்கு டோக்கனை (எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை) உருவாக்கி, அதை இணைப்பில் வைத்து அனுப்ப வேண்டும். மூன்று நாள்களில் அது காலாவதியாக வேண்டும். உறுதிசெய்யப்படாத முகவரியை அதன்பின் அழித்துவிட வேண்டும்.

3. உறுதிசெய்யும் மடலில் விளம்பரம் எதுவும் கூடாது. படமும் தள்ளுபடிக் கூப்பனும் வைத்தால் அதுவே கேட்காமல் அனுப்பிய விளம்பரமாகிவிடும். மியூனிக் உயர் மண்டல நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்யும் மடலையே விளம்பரம் என்று கொண்டது; பிற ஜெர்மன் நீதிமன்றங்கள் பின்னர் மாறுபட்டாலும் எச்சரிக்கை நல்லது. "நீங்கள் பதிவு செய்யவில்லையானால் இதைப் பொருட்படுத்த வேண்டாம், மீண்டும் எழுத மாட்டோம்" என்ற வரி கட்டாயம் வேண்டும்.

4. இணைப்பைத் திறந்த உடனேயே உறுதியானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் மடலில் உள்ள இணைப்புகளைப் பயனருக்கு முன்பே தாமாகத் திறந்து சோதிக்கின்றன. ஆகவே இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே 'உறுதிசெய்கிறேன்' என்ற பொத்தானை மனிதர் அழுத்திய பிறகே பதிவாக வேண்டும். ஆயத்த மென்பொருள் வாங்குவோர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மடல் திறக்கப்பட்டது என்ற பதிவும் சான்றாகாது. 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களின் மடல்கள், அவர்கள் படிக்காவிட்டாலும் திறக்கப்பட்டதாகவே காட்டும்.

5. படிவம் நிரப்பிய நேரம், உறுதிசெய்த நேரம், ஐ.பி. முகவரி (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), அன்று படிவத்தில் இருந்த வாசகத்தின் நகல் ஆகியவற்றைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். வாசகத்தை மாற்றும்போது பழையதைத் தேதியுடன் தனியே வைக்க வேண்டும். இதைச் செய்வோர் மிகக் குறைவு, சிக்கல் வரும்போது முதலில் தேடப்படுவதும் இதுவே.

அனுப்பும் முகவரி நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருக்க வேண்டும். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகக் காட்டி, வேறு சேவை வழியாக மொத்தமாக அனுப்பினால் அடையாளச் சரிபார்ப்பில் தவறி ஸ்பேமில் விழ வாய்ப்பு மிகுதி.

ஏற்கெனவே கையில் உள்ள பழைய பட்டியல்

காகிதத்தில் எழுதியதைப் பின்னர் கணினியில் ஏற்றினாலும் இந்தியச் சட்டம் பொருந்தும். வருகைப் பதிவேட்டிலிருந்து எக்செல்லுக்குத் தட்டச்சு செய்யப்பட்ட முகவரிகளும் அதற்குள் அடங்கும். சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே உண்மையாகச் சம்மதம் தந்தவர்களுக்கு, இயன்ற விரைவில் புதிய அறிவிப்பை அனுப்ப வேண்டும்; அவர்கள் திரும்பப் பெறும்வரை தொடரலாம். சம்மதம் எப்போதுமே பெறப்படாத முகவரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆகவே பட்டியலை மூன்றாகப் பிரிப்பது முதல் வேலை. பதிவுச் சான்று உள்ளவர்கள் தொடரட்டும். தற்போதைய வாடிக்கையாளராக இருந்தும் சான்று இல்லாதவர்களிடம், அடுத்த முறை அவர்கள் ஆர்டர் செய்யும்போதோ அறை பதியும்போதோ படிவத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்வது பாதுகாப்பானது. ஏற்கெனவே விலகியவர்களுக்கு, "மீண்டும் சேர விருப்பமா?" என்றுகூட எழுதக் கூடாது. பிரிட்டனின் ஃபிளைபி விமான நிறுவனம் 2016இல் அப்படி, விளம்பரம் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி 33 லட்சம் மடல்கள் அனுப்பியதற்காக, அந்நாட்டுத் தகவல் ஆணையர் 2017 மார்ச்சில் 70,000 பவுண்டு அபராதம் விதித்தார். சம்மதம் கேட்கும் மடலும் விளம்பர மடலே என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

விலகியவர்களின் முகவரிகளைப் பட்டியலிலிருந்து முற்றிலும் அழித்துவிடுவது நல்லது என்று தோன்றும். அப்படிச் செய்தால் வேறு கணினியில் கிடக்கும் பழைய எக்செல் கோப்பை யாரேனும் மீண்டும் ஏற்றும்போது அவர்கள் எல்லாரும் பட்டியலுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். அனுப்பக்கூடாத முகவரிகள் என்ற தனிப் பட்டியலில், வேறு விவரம் எதுவும் இல்லாமல் முகவரியை மட்டும் வைத்து, ஒவ்வொரு அனுப்புதலுக்கு முன்பும் மென்பொருள் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.